மலிவான மணி நேரங்கள்

துர்க்கு,
நவம்பர் 6

அம்மா,

பேருந்து, ரயில், மறுபடி பேருந்து என்று மாறி வந்து சேர்ந்துவிட்டேன். கூஹ்மோவில் பனி, இங்கே மழை. நீ கட்டிக்கொடுத்த கம்பு ரொட்டியை இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தால் உன் சமையலறை வாசம் வரும், என் கை தானாக ஃபோனுக்குப் போகும். நீதான் வாசலில் நின்று சொல்லிவிட்டாயே: "எதுவா இருந்தாலும் எழுது. ஃபோன்ல நீ பேச ஆரம்பிச்சா எனக்கு மூச்சு விட இடமிருக்காது." சரி, எழுதுகிறேன்.

மின்சார விஷயத்தை மறுபடியும் சொல்கிறேன். இந்த முறை நீ இடையில் எழுந்து பாத்திரம் கழுவப் போக முடியாது.

புகைபோக்கி சுத்தம் செய்ய வந்தவர் உள்ளே விரிசல் இருக்கிறது என்று சொல்லி விறகடுப்பைப் பூட்டிவிட்டார். வசந்தம் வரும் வரை அதில் விறகு எரிக்கக் கூடாது. அப்படியென்றால் குளிர்காலம் முழுக்க வீட்டுக்கு ஹீட்டர்கள் மட்டும்தான். அப்பா போட்ட மின் ஒப்பந்தம் அக்டோபரோடு முடிந்தது. அதே கம்பெனி புதுப்பிக்கக் கேட்ட விலையைப் பார்த்துவிட்டு நீயே "கொள்ளைக்காரங்க" என்றாய். அதனால்தான் புதிய கம்பெனி. இவர்களிடம் ஒரே விலை கிடையாது, மணிக்கு மணி மாறும். காற்று வீசி காற்றாலைகள் ஓடினால் அடிமட்ட விலை. தினமும் மதியம் இரண்டு மணிக்கு மறுநாள் விலைகள் ஃபோனில் வந்துவிடும். துணி துவைப்பது, ரொட்டி சுடுவது எல்லாவற்றையும் மலிவான நேரத்துக்கு நகர்த்திக்கொண்டால் போதும்.

நீதான் என்று கம்பெனிக்குக் காட்ட உன் வங்கி எண் அட்டையிலிருந்து ரகசிய எண்ணைப் போட்டு ஒப்பந்தத்தை உறுதி செய்தபோது நீ காபி போட்டுக்கொண்டிருந்தாய். "போடட்டுமா?" என்றேன். தலையை ஆட்டினாய். அது சம்மதமா, இல்லை "என்னவோ செய்" என்பதா என்று நான் நின்று கேட்டிருக்க வேண்டும்.

நீ கடைசியாகச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அது எல்லாக் கடிதங்களுக்கும் அடியில் உட்கார்ந்திருக்கும். "நீ எடுத்த முடிவு எதுடி இதுவரைக்கும் நின்னிருக்கு?" பாதியில் விட்ட படிப்பு, இரண்டு குளிர்காலம்கூடத் தாங்காத கல்யாணம். உண்மைதான். ஆனால் பேருந்து வரும் நேரத்தில் சொல்லியிருக்க வேண்டாம்.

ஈரிஸ்


கூஹ்மோ,
நவம்பர் 17

ஈரிஸ்,

கடிதம் கிடைத்தது. ரொட்டியைப் பிரி, பூஞ்சை பிடித்துவிடும்.

புதிய கம்பெனியிலிருந்து வரவேற்புக் காகிதம் வந்தது. "அன்புள்ள ரைலி" என்று ஆரம்பிக்கிறது. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட இவர்கள் யார்? முப்பது வருஷமாக மின்சார பில் உன் அப்பா பெயரில்தான் வந்தது. மார்ச்சில் அவரைப் புதைத்த பிறகும் அவர் பெயரில் வந்தது. அந்த உறை வந்துகொண்டிருந்தவரை அவர் மரம் ஏற்றிக்கொண்டு எல்லைப் பக்கம் லாரி ஓட்டிப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று நினைத்துக்கொள்ள ஒரு சின்ன வழி இருந்தது. உனக்கு அது தெரியாது. நான் சொல்லவும் இல்லை. ஆகவே உன் மேல் பாதிக் கோபம்தான்.

எதிர்க்கரை வில்ஹோ சனிக்கிழமை வழக்கம்போல ஏரியைச் சுற்றிக்கொண்டு துண்டும் பீரும் எடுத்து வந்தான். அவன் முதலில் சவுனாக் குளியலறையில், கரண்டில் காய்ந்த கற்களின் ஆவியில், உட்கார்ந்து வந்தான், பிறகு நான், அப்புறம் சமையலறையில் காபி, தொத்திறைச்சி. விஷயத்தைச் சொன்னேன். "அப்போ கல்லு சூடாகணும்னா பங்குச்சந்தையப் பாக்கணுமா, ரைலி? காபிக்கு யாரக் கேக்கணும், பிரதமரையா?" என்று சிரித்தான். உன் அப்பா இல்லாத மேஜையில் அவன் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது, அதனால் பதிலுக்குத் திட்டவில்லை.

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். இந்த வாரம் பெரிய காற்று. விலை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மூன்று தடவை மின் அடுப்பைப் போட்டு அரிசிப் பணியாரம் சுட்டேன். புதன்கிழமை சவுனா போட்டேன். புதன்கிழமை! உன் அப்பா பார்த்திருந்தால் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்திருப்பார்.

ரைலி
(அம்மா)


துர்க்கு,
நவம்பர் 28

அம்மா,

பெயர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. மன்னித்துக்கொள். அந்தப் பழைய உறைகளில் ஒன்றை எடுத்து வை, எனக்கு வேண்டும்.

இப்போதெல்லாம் காற்றடித்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. நூலகத்தில் புத்தகம் அடுக்கும்போது ஜன்னல் அதிர்ந்தால், "இது அம்மாவின் ஹீட்டருக்கு" என்று நினைத்துக்கொள்கிறேன். கடலோரத்தில் வீசும் காற்று எங்கோ ஒரு காட்டுக்குள் இருக்கும் வீட்டைச் சூடாக்கும் என்பதை என்னால் இன்னும் முழுதாக நம்ப முடியவில்லை. ஆனால் உன் பணியாரங்கள் சாட்சி.

ஒன்று மட்டும். விலையைப் பார்த்துக்கொண்டே இருக்காதே. குளிர் கூடி, காற்று நின்றால் விலை ஏறும். ஏறினால் ஏறட்டும். சராசரியில் நமக்கு லாபம்தான். அவசியமானதை மட்டும் எந்த விலையிலும் அணைக்காதே.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். விடுப்புக் கேட்டாயிற்று.

ஈரிஸ்


கூஹ்மோ,
டிசம்பர் 13

ஈரிஸ்,

பென்சிலில் எழுதுகிறேன், பேனா வேலை செய்யவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வர வேண்டாம். வீடு ஒழுங்காக இல்லை. மாடி அறைகளை மூடிவிட்டேன், உன் அறையும்தான். ஒருத்திக்கு எதற்கு அத்தனை அறை? நானும் நல்லேயும் கீழேயே இருந்துகொள்கிறோம். நாய்க்கும் எனக்கும் ஒரே போர்வை போதுமாக இருக்கிறது, அதன் குறட்டைதான் உன் அப்பாவை விட மோசம்.

மதியம் இரண்டு மணிக்கு விலை வந்ததும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டுகிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தபோது வாரப் பட்டியல் ஒட்டுவேனே, அந்த மாதிரி. பெட்டியை அணைத்துவிட்டேன். அதற்கும் வெளியே இருப்பதற்கும் வித்தியாசம் இல்லை. வெண்ணெயை வெட்டத்தான் கோடாலி வேண்டும்.

சனிக்கிழமை மாலை எல்லோரும் சவுனா போடுகிறார்கள், அதனால் விலை ஏறுகிறது. நாடு முழுக்க ஒரே நேரத்தில் துணியைக் கழற்றினால் வேறென்ன ஆகும்? நான் செவ்வாய் அதிகாலைக்கு மாற்றிவிட்டேன். சவுனாவின் ஏரிப்பக்கக் கதவில் சீட்டு எழுதி ஒட்டியிருந்தேன். வில்ஹோ அதைப் படித்துவிட்டுச் சமையலறை ஜன்னலைத் தட்டினான்.

"செவ்வாய்க்கிழமை எவன் குளிப்பான்? அதெல்லாம் ஒரு கிழமையா?"

"வந்தா வா, வராட்டிப் போ. விலை அப்பதான் கம்மி."

"உன் புருஷன் உயிரோட இருந்தப்ப என்னைய வாசல்ல நிறுத்தி யாரும் விலை சொன்னதில்ல, ரைலி."

துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டான். அதன்பிறகு வரவில்லை. வராவிட்டால் தொத்திறைச்சி மிச்சம்.

பில் வந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரையும் விட எனக்குத்தான் குறைவு. கடையில் சொன்னேன், யாரும் நம்பவில்லை.

அம்மா


துர்க்கு,
டிசம்பர் 18

அம்மா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். இரண்டாம் தடவை சிரிக்கவில்லை.

பேனா ஏன் எழுதவில்லை? மை உறையும் அளவுக்கு வீட்டுக்குள் குளிரா? குளிர்சாதனப் பெட்டிக்கும் வெளியே இருப்பதற்கும் வித்தியாசம் இல்லை என்றால் "வெளியே" என்பது எது, முற்றமா, சமையலறையா? நீயும் நல்லேயும் எந்த அறையில் தூங்குகிறீர்கள்? ஹால் ஹீட்டரில் எந்த எண் வைத்திருக்கிறாய்?

இவற்றுக்குப் பதில் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

"வீடு ஒழுங்காக இல்லை" என்பதற்காக நீ யாரையும் வராதே என்று சொன்னதில்லை. அப்பாவின் சவ ஊர்வலத்தன்றுகூடச் சமையலறைத் தரையில் மாவு சிந்தியிருந்தது, அதன்மேல் நடந்துதான் எல்லோரும் காபி குடித்தோம். நான் பார்க்கக் கூடாத ஏதோ ஒன்று இருக்கிறது.

நான் பழையபடி நிலையான விலைக்கு மாற்றிவிடுகிறேன். இரண்டு வாரத்தில் மாறிவிடும். அதற்கு உன் எண் அட்டை வேண்டும். ஒரே ஒரு தடவை ஃபோனை எடுத்து எண்ணை வாசி. திட்ட வேண்டுமானால் திட்டிக்கொண்டே வாசி.

நான் வரட்டுமா? நீ வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். உன் வேண்டாமை மீறிக் கிளம்ப எனக்கு இந்த முறை தைரியம் இல்லை. போன முறை உன் சம்மதம் இல்லாமல் ஒன்று செய்தேன், அது இப்போது எங்கே வந்து நிற்கிறது என்றே தெரியவில்லை.

வில்ஹோவிடம் சமாதானமாகப் போ.

ஈரிஸ்


கூஹ்மோ,
டிசம்பர் 28

ஈரிஸ்,

நீ அனுப்பிய காலுறைகள் வந்தன. போட்டிருக்கிறேன், இரண்டு ஜோடியையும்.

கிறிஸ்துமஸ் நன்றாகக் கழிந்தது. கல்லறையில் உன் அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அங்கே நூற்றுக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தன, கையை நீட்டினால் சூடாகக்கூட இருந்தது. கொஞ்ச நேரம் அதிகமாகவே நின்றேன். பன்றித்தொடை செய்யவில்லை, அடுப்பில் அது ராத்திரி முழுக்க வேக வேண்டும். புகைபோட்ட மீன் இருந்தது.

காபி இப்போது தனி ருசி. ஏரித் தண்ணீரில் போடுகிறேன். பனிக்கட்டியில் துளை வெட்டி வைத்திருக்கிறேன், காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி. குழாய்த் தண்ணீரில் இரும்பு வாடை உண்டு, இதில் இல்லை. நடையும் ஆகிறது. மருத்துவர் நடக்கச் சொல்லியிருக்கிறார்.

உன் கேள்விகளுக்கெல்லாம் பதில், நான் நன்றாக இருக்கிறேன்.

எண் அட்டை தர மாட்டேன். மாற்ற வேண்டாம். எதற்கு மாற்ற வேண்டும்? கணக்கு சரியாகத்தான் வருகிறது. நீ எடுத்த முடிவு நல்ல முடிவு. கடையில் எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன். அதில் கை வைக்காதே.

வில்ஹோ இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறான். சர்ச்சில் பார்த்தான், தலையை மட்டும் அசைத்தான்.

அம்மா


துர்க்கு,
ஜனவரி 4, வியாழன்

அம்மா,

ஏன் ஏரித் தண்ணீர்?

உன் கடிதம் நேற்றுதான் வந்தது. அந்த ஒரு பத்தியைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை. கிணற்றிலிருந்து வரும் குழாய் உறைந்துவிட்டதா? அப்பா அதைச் சுற்றி சூடேற்றும் கம்பி கட்டியிருந்தாரே, எந்தக் குளிர்காலத்திலும் உறைந்ததில்லையே? மெயின் சுவிட்சையே அணைத்தால்தான் அந்தக் கம்பி அணையும்.

அம்மா, நீ மெயின் சுவிட்சை அணைக்கிறாயா?

இன்று மதியம் நாளைய விலைகள் வந்தன. நீயும் பார்த்திருப்பாய். நான் இப்படி ஒரு விலையைப் பார்த்ததே இல்லை. இங்கே நூலகத்தில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஒருத்தர் அடுப்பைப் போடாமல் மூன்று வேளையும் ரொட்டிதான் என்கிறார், சிரிக்கிறார்கள். உங்கள் பக்கம் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தைந்து என்று வானொலி சொல்கிறது. என்னால் சிரிக்க முடியவில்லை. நீ அந்த விலைத் தாளை எழுதி ஒட்டிவிட்டு, சுவிட்சுப் பெட்டியை நோக்கி நடப்பது எனக்கு இங்கிருந்து தெரிகிறது.

உன் ஃபோன் அணைந்திருக்கிறது. வில்ஹோவின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன்.

"போய்ப் பாத்துட்டு வர்றீங்களா?" என்றேன்.

"உங்கம்மா கதவுல சீட்டு ஒட்டியிருக்கா. சனிக்கிழமை இல்லன்னு."

"அதுக்கில்ல, அவங்க நல்லா இருக்காங்களான்னு..."

"கூப்பிடாத வீட்டுக்கு நான் போறதில்ல. எனக்கும் மானம் இருக்கு, பொண்ணு."

கெஞ்சினேன். அந்தப் பக்கம் கடிகாரச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வைத்துவிட்டார்.

குளிரில் ரயில்கள் நின்றுவிட்டன. நாளை மறுநாள் பண்டிகை, பேருந்தும் இல்லை. திங்கட்கிழமைக்கு முன்னால் வழியே இல்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நாளைய தினம் முடிந்துபோயிருக்கும், அது தெரிந்தும் எழுதுகிறேன். எழுதாமல் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

எல்லா ஹீட்டரையும் போடு. எல்லா விளக்கையும் போடு. பில் வரட்டும். என் முடிவு தப்பு, அம்மா. தப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஈரிஸ்


கூஹ்மோ,
ஜனவரி 10

ஈரிஸ்,

கையெழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன், வில்ஹோவின் மேஜையில். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

அவன் உனக்கு ஃபோன் செய்ததாகச் சொன்னான். "என்ன சொன்னே?" என்று கேட்டேன். "உயிரோட இருக்கான்னு சொன்னேன். வேற என்ன சொல்லணும்?" என்கிறான். என் கடிதம் வரும்வரை கிளம்ப வேண்டாம் என்று சொல்லச் சொன்னது நான்தான். உன் முகத்தை எதிரில் வைத்துக்கொண்டு இதைச் சொல்ல என்னால் முடியாது.

நீ கண்டுபிடித்தது சரி. டிசம்பர் ஆரம்பத்திலிருந்தே விலை ஏறும் நேரங்களில் மெயின் சுவிட்சை அணைத்தேன். ஒவ்வொரு ஹீட்டராகப் போய் அணைப்பதற்கு இது சுலபம். அந்தக் கம்பியை மறந்தே போனேன். அது உன் அப்பாவின் வேலை, அவர் செய்ததை எல்லாம் வீடு தானாகச் செய்துகொள்கிறது என்று நினைத்திருந்தேன். ஒரு காலையில் குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. வீடு பெரியது, சவுனாவின் உடைமாற்றும் அறை சின்னது. கட்டிலை அங்கே இழுத்துப் போட்டுக்கொண்டேன். நீ பார்க்கக் கூடாது என்று நினைத்தது அந்தக் கட்டிலைத்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சுவிட்சை இறக்கினேன். முன்னிரவு வரை போடுவதில்லை என்று முடிவு. மதியம் தண்ணீருக்குப் போனேன், துளைக்குப் பக்கத்தில் வழுக்கிக் கையை ஊன்றினேன். சத்தம் கேட்டது. எழுந்து வந்துவிட்டேன், வாளி அங்கேயே கிடந்தது. ஃபோனில் சார்ஜ் இல்லை. கட்டிலில் உன் அப்பாவின் ஆட்டுத்தோல் கோட்டைப் போர்த்திப் படுத்தேன், நல்லே மேலே ஏறிப் படுத்தது. கொஞ்சம் வலி குறைந்ததும் எழுந்து சுவிட்சைப் போடலாம் என்று நினைத்தேன். அப்புறம் நினைக்கவில்லை. குளிர்கூடத் தெரியவில்லை. அதுதான் மோசம் என்று மருத்துவர் பிறகு சொன்னார்.

சனிக்கிழமை வழக்கமான நேரத்துக்கு ஏரிப்பக்கக் கதவு திறந்தது. வில்ஹோ. கையில் துண்டு, பீர். எப்போதும்போலத் தட்டாமல் வந்தான். கட்டிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் என்னைத் தாண்டி சவுனாவுக்குள் போய் மேல்படியில் உட்கார்ந்துகொண்டான். தொப்பி, கையுறை, பூட்ஸ் எல்லாவற்றோடும்.

"கல்லு சூடாகல, வில்ஹோ."

"பரவால்ல. காத்திருக்கேன்."

"இன்னிக்குச் சவுனா இல்ல. சீட்டு ஒட்டியிருக்கேனே."

"சனிக்கிழமை. நான் சவுனாவுக்கு வந்திருக்கேன்." அவன் வாயிலிருந்து புகை வந்தது. "எனக்குக் கண்ணு சரியில்ல, சீட்டெல்லாம் தெரியாது."

விருந்தாளி குளிர்ந்த பலகையில் உட்கார்ந்திருக்கும்போது வீட்டுக்காரி படுத்துக் கிடக்க முடியுமா? எனக்கு அவமானமாக இருந்தது, ஈரிஸ். அந்த அவமானம்தான் என்னை எழுப்பியது. சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய் இடது கையால் சுவிட்சை மேலே தள்ளினேன். வீடு முழுக்க விளக்கெரிந்தது. சவுனாவைப் போட்டேன். திரும்பி வந்தபோது அவன் என் கையைப் பார்த்தான்.

"விழுந்தியா?"

"விழுந்தேன்."

"அந்தப் பொண்ணு ஃபோன் பண்ணிச்சு. நான் வரமாட்டேன்னுட்டேன்." கொஞ்ச நேரம் கற்களையே பார்த்தான். "நேத்தே வந்திருக்கணும்."

என்னைச் சூட்டில் உட்கார வைத்துவிட்டுத் தன் காரைக் கொண்டுவரப் போனான். துண்டை ஆணியில் மாட்டிவிட்டுப் போனான், அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இப்போது மற்றது. காசுக்காக நான் அதைச் செய்யவில்லை. என் ஓய்வூதியத்தில் அந்த வீட்டைச் சூடாக வைத்திருக்க முடியும். பேருந்து வரும் நேரத்தில் உன்னிடம் ஒன்று சொன்னேன். பேருந்து போன பிறகும் அந்த வார்த்தை வாசலிலேயே நின்றது. அதைத் திரும்ப எடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீ எடுத்த முடிவு ஒன்றாவது நிற்கட்டும், அதை நான் நிற்க வைக்கிறேன் என்று நினைத்தேன். ஒவ்வொரு பில்லும் குறைவாக வந்தபோது எனக்கு உன் முகம்தான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். எனக்கு அது வராது, உனக்குத் தெரியும்.

விலையை மாற்று. எண் அட்டை மாவு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. கடிதத்தில் எண்களை எழுதக் கூடாது, ஃபோனிலும் யாருக்கும் சொல்லக் கூடாது என்று வங்கி எச்சரித்திருக்கிறது. ஆகவே நீ நேரில்தான் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

உன் அறையைத் திறந்துவிட்டேன். சூடாகிக்கொண்டிருக்கிறது.

அம்மா


துர்க்கு,
ஜனவரி 15

அம்மா,

நான் கடிதத்தை நூலகத்தின் பின்பக்கம் உட்கார்ந்து படித்தேன். கோட்டைக் கழற்ற மறந்துவிட்டேன், ஒருத்தர் வந்து "குளிருதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நீ மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. நீ நம்பாத ஒருத்தியின் முடிவுக்காக மாதம் முழுக்கக் குளிரில் கிடந்திருக்கிறாய். இதைவிடக் கோபம் வரவைக்கும் ஒரு அன்பு எனக்குத் தெரியாது. நேரில் வந்து சண்டை போடுகிறேன், முழுதாக, பேருந்து நேரம் பார்க்காமல்.

சனிக்கிழமை மாலை வருகிறேன். வில்ஹோவின் துண்டு ஆணியிலேயே இருக்கட்டும், அவரையும் கூப்பிடு. தொத்திறைச்சி வாங்கி வருகிறேன்.

நான் வருவதற்குள் சவுனாவைப் போட்டு வை. அன்றைய விலை வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வரும். நான் பார்க்கப் போவதில்லை.

நீயும் பார்க்காதே.

ஈரிஸ்